நலவாழ்வுத் துறையில் டிஜிட்டல் கருவிகள்: தடைகளும் துணைக்காரணிகளும்

மருத்துவமனைகளிலும் கிராம அளவிலான மருத்துவப் பணியிலும் கணினிப் பதிவேடு, கைப்பேசிச் செயலி, தொலைமருத்துவம், படங்களைத் தானே ஆராயும் மென்பொருள் போன்றவை புதிதாகக் கொண்டுவரப்படுகின்றன. அவற்றை வேரூன்ற விடாமல் செய்பவை தடைகள் என்றும், வேரூன்ற உதவுபவை துணைக்காரணிகள் என்றும் சொல்லப்படுகின்றன. கருவியை வாங்குவது சில நாள் வேலை. அது ஒரு செவிலியரின் அன்றாடப் பழக்கமாக மாறுவதற்கு ஆண்டுகள் ஆகலாம். மாறாமலே போகவும் கூடும்.

இதில் தவறு நேர்ந்தால் வீணாவது கணினிக்குக் கொடுத்த பணம் மட்டும் என்று நினைக்கக்கூடாது. இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டிய ஒரு கர்ப்பிணியின் விவரம் பதிவாகாமல் போனாலோ, பதிவாகியும் பார்க்கவேண்டியவர் கண்ணில் படாமல் போனாலோ, ஆபத்துக்கு உள்ளாவது இரண்டு உயிர்கள். காசநோயாளி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டதைக் கணினி காட்டாவிட்டால் நோய் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரவும். ஆகவே ‘செயலி நன்றாக இருக்கிறதா?’ என்ற கேள்வியை விட, ‘அதனால் யாருக்கு வேலை கூடுகிறது, யாருக்குப் பலன் கிடைக்கிறது?’ என்ற கேள்வியே இந்தத் துறையில் அதிகம் விளக்கம் தருகிறது. வேலை ஒருவருக்கும் பலன் வேறொருவருக்கும் போய்ச் சேரும் இடங்களில்தான் பெரும்பாலான கருவிகள் தடுமாறுகின்றன.

காரைக்கால் பின்புலம்

திருநள்ளாறு, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில் உள்ள ஊர். சனீசுவரர் சன்னதியால் நாடெங்கும் அறியப்பட்டது. காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222. கிழக்கே வங்கக்கடல், மற்ற பக்கங்களில் எல்லாம் தமிழ்நாடு. தலைநகரான புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இடையே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வழிநெடுகத் தமிழ்நாட்டு ஊர்கள். திருநள்ளாற்றிலிருந்து மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டினால் மாநில எல்லையும் தாண்டிவிடுகிறது. தமிழ்நாட்டில் ‘ஆரம்ப சுகாதார நிலையம்’ எனப்படுவது இங்கே ‘நலவழி மையம்’. சுகாதாரத் துறை இங்கே ‘நலவழித்துறை’. பெயர் மட்டும் வேறில்லை. நிர்வாகம், பதிவேடு, கணினி அமைப்பு எல்லாமே வேறு.

டிஜிட்டல் மருத்துவ வரலாற்றில் இந்தச் சிறு பகுதிக்கு ஓர் இடம் உண்டு. 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய டிஜிட்டல் நலவாழ்வு இயக்கம், நாடு முழுவதற்கும் செல்லும் முன் ஆறு ஒன்றியப் பகுதிகளில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. அவற்றில் ஒன்று புதுச்சேரி. 2021 செப்டம்பர் 27 அன்று ‘ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம்’ என்ற பெயரில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. ஒவ்வொருவருக்கும் ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண். அந்த எண்ணோடு மருத்துவமனைப் பதிவுகள் இணையும். நோயாளி சம்மதித்தால் ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொரு மருத்துவமனை பார்க்கலாம் என்பது திட்டம். எண் பெறுவது கட்டாயமில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்கவேண்டும். எண் வழங்குவது எளிது. அந்த எண்ணுக்குப் பின்னால் பதிவுகள் சேர்வதுதான் கடினம். ஆய்வுக்கூட முடிவையும் மருந்துச் சீட்டையும் யாராவது கணினியில் ஏற்றினால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் அதை ஏற்றுவது யார்? திட்டத்தின் வெற்றி தோல்வி இந்தக் கேள்வியில் இருக்கிறது.

விதையும் செயலியும்

புதிய கருவியை மக்கள் எப்படி ஏற்கிறார்கள் என்ற ஆராய்ச்சி மருத்துவமனையில் பிறந்ததல்ல, வயலில் பிறந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதையை உழவர்கள் எப்படி ஏற்றார்கள் என்று 1940-களில் ஆராய்ந்தார்கள். அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எவரெட் ராஜர்ஸ் 1962-இல் எழுதிய நூல்தான் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. காவிரிப் படுகையினருக்கு இது புதிய செய்தி அல்ல. 1960-களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சை வட்டாரத்தில் பரவியபோது, விரிவாக்க அலுவலரின் பேச்சைவிடப் பக்கத்து வயலின் கதிர்தான் அதிகம் பேசியது என்பார்கள் பெரியவர்கள்.

1989-இல் பிரெட் டேவிஸ் கணினி ஏற்பை இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார்: இது எனக்குப் பயன்படுமா? பயன்படுத்த எளிதா? 2017-இல் ட்ரிஷா கிரீன்ஹால் தலைமையிலான குழு, மருத்துவத் தொழில்நுட்பங்கள் ஏன் ஏற்கப்படாமல் போகின்றன, ஏன் ஏற்றபின்னும் கைவிடப்படுகின்றன என்பதற்கு விரிவான ஒரு சட்டகத்தை வகுத்தது. நோயின் தன்மை, கருவி, அதனால் கிடைக்கும் மதிப்பு, பயன்படுத்துவோர், நிறுவனம், புறச்சூழல், காலப்போக்கில் நேரும் மாற்றம் என ஏழு தளங்கள் அதில் உள்ளன. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஏழையும் மனப்பாடம் செய்வார்கள். பல தளங்களில் சிக்கல் மிகுந்தால் கருவி நிலைப்பது அரிது என்பதே அதன் சாரம்.

எழுதுபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர்

கிராமச் செவிலியரின் பணியில் பதிவேடுகளுக்குக் குறைவே இல்லை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிப் பதிவு, குடும்ப நலம், பிறப்பு இறப்பு, மருந்து இருப்பு என்று பல. கணினி வந்தால் இவை குறையும் என்பதுதான் எல்லாத் திட்டங்களின் வாக்குறுதி. நடைமுறையில், கணினிப் பதிவை யாரும் முழுதாக நம்பாத முதல் சில ஆண்டுகளில் காகிதமும் தொடர்கிறது, கணினியும் சேர்கிறது. பகலில் நோட்டில் எழுதியதை மாலையில் செயலியில் ஏற்றவேண்டும். இந்த இரட்டைப் பதிவுதான் கள ஊழியர்கள் சொல்லும் முதன்மையான குறை. இது சோம்பலால் வரும் குறை அல்ல. செயலியில் ஏற்றிய விவரம் மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் போகிறது. மறுநாள் வீடு வீடாகப் போகும்போது செவிலியருக்கு உதவுவது அவர் பையில் இருக்கும் அதே நோட்டுதான். அப்படியானால் அவருக்குக் கணினி எதற்கு?

மேல்தட்டு மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையம், 2002-இன் இறுதியில் மருத்துவர்கள் மருந்து உத்தரவுகளைக் கணினியிலேயே பதியவேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. கையால் சில நொடிகளில் எழுதிய உத்தரவுக்குக் கணினியில் பல திரைகளைக் கடக்கவேண்டியிருந்தது. எச்சரிக்கைச் செய்திகள் குறுக்கே வந்துகொண்டே இருந்தன. நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் எதிர்த்தார்கள். 2003 ஜனவரியில் அந்த முறை நிறுத்திவைக்கப்பட்டது. பணத்துக்கும் பயிற்சிக்கும் குறைவில்லாத இடம் அது. இங்கிலாந்தின் தேசிய நலச்சேவை 2002-இல் தொடங்கிய மாபெரும் கணினித் திட்டமும் 2011-இல் கலைக்கப்பட்டது. மேலிருந்து ஒரே அச்சில் வார்த்துத் தரப்பட்ட அமைப்பை உள்ளூர் மருத்துவமனைகள் தமதாக எண்ணவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

மகாராட்டிரத்தில் 2021-இல் அங்கன்வாடிப் பணியாளர்கள் தங்களுக்குத் தரப்பட்ட கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுக்கும் போராட்டத்தில் இறங்கினார்கள். ஊட்டச்சத்துப் பதிவுச் செயலி தங்கள் மொழியில் இல்லை, கைப்பேசி சூடாகி நின்றுவிடுகிறது, பழுது பார்க்கும் செலவு தங்கள் தலையில் விழுகிறது என்பவை அவர்களின் குறைகள். அரியானாவில் ஆஷா பணியாளர்கள் ஒரு செயலியை நிறுவ மறுத்தார்கள். அது தங்களைக் கண்காணிக்கவே வந்தது என்பது அவர்கள் கருத்து. குறைந்த மதிப்பூதியம் பெறும் பெண்ணிடம், ‘நீ எங்கே போகிறாய் என்று பார்க்கப்போகிறோம்’ என்று சொல்லாமல் சொல்லும் கருவி, நோயாளிக்கு எவ்வளவு நன்மை செய்வதாக இருந்தாலும் விரும்பி எடுத்துக்கொள்ளப்படாது. ஒரே செயலியில் நோயாளிப் பதிவையும் ஊழியர் கண்காணிப்பையும் சேர்ப்பது கருவி வடிவமைப்பாளர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை.

கருவி எதை அளக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது. அதன் வழிவந்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு, ‘99டாட்ஸ்’ என்ற முறையைச் சோதித்தது. மாத்திரையைப் பிரித்து எடுத்தால் உறைக்குள் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். நோயாளி அந்த எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்தால் அன்றைய மாத்திரை சாப்பிட்டதாகக் கணினி குறித்துக்கொள்ளும். அழகான யோசனை. ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று சிறுநீரைச் சோதித்தபோது, மாத்திரை சாப்பிட்டும் அழைக்காதவர்கள் பலர் இருப்பது தெரிந்தது. கணினி கணக்கிட்டது அழைப்பை. விழுங்கிய மாத்திரையை அல்ல. அழைப்பதால் நோயாளிக்குத் தனியாக எந்தப் பலனும் இல்லை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

மொழி, கைப்பேசி, ஓ.டி.பி.

பொதுமக்கள் நேரடியாகத் தொடும் கருவிகளில் தடை வேறு வடிவம் எடுக்கிறது. கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளம் இதற்குச் சிறந்த பாடம். 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. மே 1 முதல் 18 முதல் 44 வயது வரையிலானவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்தே ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்று விதி வந்தது. அப்போது தளம் ஆங்கிலத்தை நம்பியே இருந்தது. வேகமான இணையமும் வேகமான விரலும் உள்ளவர்கள் முன்பதிவை முடித்துக்கொள்ள, கூலி வேலைக்குப் போகும் இளைஞர்கள் காத்திருந்தார்கள். நகரத்தவர் தங்கள் ஊரில் இடம் கிடைக்காமல் கிராம மையங்களில் முன்பதிவு செய்து வண்டியில் வந்து ஊசி போட்டுக்கொண்டு போன செய்திகளும் அன்று வெளிவந்தன. மே 24 அன்று, அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்யலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. மே 31 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வசதி இல்லாதவர்களை இந்த முறை ஒதுக்கிவிடும் என்று கவலை தெரிவித்தது. சூன் 21 முதல் முன்பதிவு யாருக்கும் கட்டாயமில்லை என்றானது.

அதே சூன் மாதத் தொடக்கத்தில் தளத்தில் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டன. முதல் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழக அரசு எடுத்துச் சொன்னபின் சேர்க்கப்பட்டது. சில நாள் தாமதம்தானே என்று தோன்றலாம். நோய்த்தொற்றின் இரண்டாம் அலை இன்னும் ஓயாத நாட்கள் அவை.

கோவின் செய்த நல்ல காரியத்தையும் சொல்லவேண்டும். ஒரு கைப்பேசி எண்ணில் நான்கு பேர் வரை பதியலாம் என்று தொடக்கத்திலேயே வைத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் அதை ஆறு ஆக்கினார்கள். நம் வீடுகளில் கைப்பேசி என்பது பல நேரங்களில் குடும்பச் சொத்து என்ற உண்மையை ஏற்ற விதி இது. ‘ஒருவர், ஒரு எண்’ என்று கருதிக்கொண்டு கட்டப்படும் கருவிகள் திருநள்ளாறு போன்ற ஊர்களில் முதல் நாளே திணறும். மாமியாரின் ஆதார் எண்ணோடு மகனின் பழைய எண் இணைந்திருக்கும். அந்த சிம் கார்டு இப்போது திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும். ஓ.டி.பி. அங்கே போகும். நலவழி மையத்துக்கு வந்த மூதாட்டி இங்கே காத்திருப்பார். இதற்குத் தொழில்நுட்பத் தீர்வைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, ஓ.டி.பி. இல்லாமலும் சீட்டு பெறும் ஒரு வழியைத் திறந்து வைப்பது எளிது.

கைப்பேசி குடும்பச் சொத்தாக இருப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: அந்தரங்கம். நோயாளி விவரம் கசிவது என்றால் தொலைவில் உள்ள ஊடுருவிகளைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த ஆபத்து உண்மையே. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாகி, ஏறத்தாழ இரண்டு வாரம் கைப்பதிவில் பணிகள் நடந்தன. நோயாளியின் விவரங்களும் சேரும் தனிநபர் தரவுக்கென 2023-இல் நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஆனால் சிற்றூரில் ஒரு பெண் அஞ்சுவது, கருத்தடை பற்றியோ காசநோய் பற்றியோ வரும் குறுஞ்செய்தியைக் கணவரோ மைத்துனரோ படித்துவிடுவாரோ என்பதற்கு. ‘உங்கள் பரிசோதனை முடிவு வந்துள்ளது, செவிலியரை அணுகவும்’ என்பதோடு செய்தி நிற்குமானால் அந்த அச்சம் பெரும்பாலும் தீரும்.

மின்சாரம், இணையம், பழுது பார்க்கும் கை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காரைக்கால் பகுதியிலும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. படுகை மாவட்டங்களில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. புயல் கரையோரத்தில் கருவி அமைப்பவர்கள் இதை விதிவிலக்கான நிகழ்வாக எண்ண முடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை வரும்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட நிறுவனங்களுள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை குறிப்பிடத்தக்கது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கியது. கிராமத்து மக்கள் கண் பரிசோதனைக்காக நகரம் வரவேண்டிய தேவையைக் குறைக்க, 2000-களின் நடுவில் ‘பார்வை மையங்கள்’ என்ற சிறு மையங்களைத் திறக்கத் தொடங்கியது. மையத்தில் மருத்துவர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர், பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பெண், கண்ணைச் சோதித்துப் படம் எடுப்பார். தலைமை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே ஏற்பாடு. அறுவை தேவை என்றால் மட்டும் பயணம்.

தேனிப் பக்கத்து மையங்களுக்கு அப்போது நல்ல இணையம் கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து, உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனா கட்டி, சாதாரண வைஃபை அலையைப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பும் முறையை அமைத்துத் தந்தார்கள். பிறகு அவர்கள் எழுதிய அனுபவக் கட்டுரை கவனத்துக்குரியது. கருவிகளைப் பழுதாக்கியதில் முதலிடம் மோசமான மின்சாரத்துக்கு. மின்சாரம் திடீரென எகிறியும் சரிந்தும் கருவிகளையும் மின்வழங்கிகளையும் எரித்தது. நின்ற கருவியைச் சரிசெய்ய அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு முறையும் ஆள் வர முடியாது. ஆகவே எது பழுது என்று உள்ளூர்ப் பணியாளரே கண்டுபிடிக்கும்படி அமைப்பை எளிமையாக்கினார்கள், அவர்களுக்குப் பழக்கினார்கள். பராமரிப்பு படிப்படியாக மருத்துவமனை ஊழியர் கைக்கு மாறியது. அதன்பிறகே அந்த வலையமைப்பு நிலைத்தது.

அரவிந்த் முறையில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது என்பதைக் கவனிக்கவேண்டும். நோயாளிக்குப் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். பணியாளருக்கு ஊரில் மரியாதையுள்ள வேலை. மருத்துவருக்குத் தேவையற்ற கூட்டம் குறைவு. படம் எடுத்து அனுப்பும் உழைப்பின் பலன் சில நிமிடங்களில் அதே அறைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம் தாய்லாந்தில். சர்க்கரை நோயால் விழித்திரைக்கு நேரும் பாதிப்பைப் படம் பார்த்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவை கூகுள் நிறுவனம் உருவாக்கியது. அதன் ஆய்வுப் பணியில் அரவிந்தும் பங்குபெற்றது. ஆய்வுக்கூடத்தில் தேர்ந்த மருத்துவருக்கு இணையாக அது முடிவு சொன்னது. 2018 இறுதியிலிருந்து தாய்லாந்தின் 11 மருத்துவ மையங்களில் அதைப் பயன்படுத்தியபோது நிகழ்ந்ததை கூகுளின் ஆய்வாளர்களே 2020-இல் வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை ‘தெளிவில்லை’ என்று மென்பொருள் தள்ளிவிட்டது. பெரும்பாலான மையங்களில் இருட்டறை இல்லை. சாதாரண அறை வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அவை. தள்ளப்பட்ட படத்துக்கு உரியவர் கண் நன்றாக இருந்தாலும் வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அந்த வீண் அலைச்சலை அறிந்த செவிலியர்கள், ஆய்வில் சேரவேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்லத் தொடங்கினார்கள். கருவிக்கு எதிரான பிடிவாதமாக இதைக் கொள்வது தவறு. நோயாளியின் பேருந்துச் செலவை அறிந்தவர்களின் கணக்கு அது. ஆனால் முடிவு சரியாக வந்த இடங்களில், பல வாரம் காத்திருந்து பெற்ற முடிவு சில நிமிடத்தில் கிடைத்ததை அதே செவிலியர்கள் பாராட்டவும் செய்தார்கள்.

ஏற்பு எங்கே வந்தது

2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கின் முதல் நாளில், தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகளை இந்திய அரசு வெளியிட்டது. அதுவரை தொலைபேசியில் மருந்து எழுதுவது சட்டப்படி சரியா என்ற ஐயம் மருத்துவர்களைத் தயங்கவைத்தது. ஒரு விதி அந்தத் தயக்கத்தை நீக்கியது. ஏப்ரலில் இ-சஞ்சீவனி புறநோயாளிச் சேவை தொடங்கியது. தொடக்க மாதங்களில் அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது. தெளிவான சட்டமும் ஒரு துணைக்காரணி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வேறு வழியில் போகிறது. மகளிர் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். விவரங்கள் செயலியில் ஏறுகின்றன. வீட்டுக்காரர் கண்ணில் படுவது மாத்திரை; செயலி அதன் பின்னால் மறைந்து நிற்கிறது. பதிவின் பொருட்டு யாரும் நோயாளியை அலைக்கழிப்பதில்லை.

பணத்தோடு பதிவைப் பிணைப்பதும் ஒரு வழி. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான ‘பிக்மி’ பதிவு எண் இருந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கும். மொத்த மதிப்பு 18,000 ரூபாய். பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் கேட்கப்பட்டது. காசநோயாளிகளுக்கு ‘நிக்சய்’ தளத்தின் வழியாக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் சேர்கிறது. பதிவு கூடுவதற்கு இது உறுதியாக உதவுகிறது. ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் இருந்தால், மிகவும் தேவைப்படுபவரே விடுபடுகிறார்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெரிய அரங்கில் ஒரு நாள் படக்காட்சி காட்டி அனுப்புவது பயிற்சி ஆகாது. மூன்றாம் வாரத்தில் ‘இந்தப் பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை’ என்று கேட்கும்போது பக்கத்து இருக்கையில் விடை தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். ஒவ்வொரு மையத்திலும் அப்படி ஒருவருக்கு மற்ற வேலையைக் கொஞ்சம் குறைத்து இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் போதும். பெரும்பாலும் மிக இளையவர் அமைவார், சில இடங்களில் ஓய்வுபெறும் வயதில் இருக்கும் மருந்தாளுநர் எல்லோரையும் முந்திக்கொள்வார்.

எல்லைக்கோடு

காரைக்காலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது படுகை வழக்கம். பேரளத்திலிருந்தோ நாகூரிலிருந்தோ திருநள்ளாற்றுக்கு மருமகளாக வந்த பெண், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ எல்லை தாண்டித் தாய்வீடு போகிறார். அதுவரை அவரைக் கவனித்தது புதுச்சேரி அரசின் நலவழி மையம். பிள்ளை பிறப்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில். எதிர்த்திசையிலும் நடப்பதுண்டு; காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வருபவர்கள் உண்டு, 2016 முதல் காரைக்காலில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. பேருந்தில் அரை மணி நேரப் பயணத்தில் பெண் ஒரு கணினி அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்கு மாறிவிடுகிறார். முந்தைய பதிவில் இருந்த இரத்தசோகையும் இரத்த அழுத்தமும் அவரோடு தாமாகப் போவதில்லை. போகாவிட்டால் பிரசவ அறையில் இருப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கவேண்டும். வலியோடு வந்தவர் சொல்லவேண்டும்.

14 இலக்க எண் தீர்க்க நினைப்பது சரியாக இந்தச் சிக்கலைத்தான். இரு பக்கத்து மருத்துவமனைகளும் தங்கள் பதிவுகளை அதனோடு இணைத்து, செவிலியர் ஒருமுறை பதிந்தது மறுபக்கம் திறக்கும் நிலை வரும்போது, அந்தப் பதிவுக்காகச் செலவழித்த மாலை நேரத்துக்கு அவருக்கே ஒரு பொருள் தெரியும்: தன் ஊர்ப் பெண்ணை எல்லைக்கு அப்பால் யாரோ ஒருவர் விவரம் அறிந்து கவனிக்கிறார் என்பது.

அந்த நிலை முழுதாக வரும்வரை வேலை செய்துகொண்டிருப்பது தாய்சேய் நலப் பாதுகாப்பு அட்டை. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016-இல் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. ஆபத்துக்கூறு உள்ளவரின் அட்டையில் சிவப்பு ஒட்டுவில்லை, இல்லாதவருக்குப் பச்சை. அந்த ஒட்டுவில்லைக்கு மின்சாரம் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம், பேரளத்துச் செவிலியருக்கும் திருநள்ளாற்றுச் செவிலியருக்கும் அது ஒரே செய்தியைச் சொல்கிறது. தாய்வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணிடம் செவிலியர்கள் கடைசியாகக் கேட்பதும் அதைத்தான்: அட்டையைப் பையில் வைத்துக்கொண்டாயா?